அக்கா வீட்டின் மேல் ஒரு புள்ளி

பிப்ரவரி 10

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரியும் நலமாக இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன், நீதான் எழுதுவதே இல்லையே. ஊருக்கெல்லாம் இணைய இணைப்புக் கொடுக்கிறவனுக்குச் சொந்த அக்காவுக்கு நாலு வரி எழுத நேரம் கிடைக்காது. தயவுசெய்து போன் மட்டும் பண்ணாதே. இடது காது முழுக்கப் போய்விட்டது, வலது காது தனக்குப் பிடித்ததை மட்டும் கேட்கிறது. அந்தச் சின்னக் கண்ணாடியில் தட்டித் தட்டிச் செய்தி அனுப்பவும் எனக்குப் பொறுமை இல்லை. உன்னிடம் பேனா இருக்கிறதல்லவா, எழுது.

போன வாரம் இங்கே ஒரு கூத்து. தையல் வகுப்புப் பெண்களுக்கு ரவிக்கைக்குக் கை வெட்டுவது எப்படி என்று துணியை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். துரை வந்து தோளைத் தட்டினான். துரை என்பது உன் மருமகனுக்கு இப்போது நான் வைத்திருக்கும் பெயர். பதினோரு மணிக்கு எழுந்து வருகிறவனை வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது? "அம்மா, வாசல்ல யாரோ கதவையே ஒடைக்கறாங்க, உனக்குக் கேக்கலையா?" என்றான்.

போய்த் திறந்தால் ஓர் இளம் ஜோடி. அந்தப் பெண் ஒரு போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "என் போன் திருடு போச்சு. அது உங்க வீட்டுக்குள்ளதான் இருக்கு. மரியாதையா குடுத்துடுங்க" என்கிறாள். அவள் காட்டிய படத்தில் நம் அப்பா கட்டிய வீட்டின் கூரை மேல் ஒரு சிவப்புப் புள்ளி. "கூரை மேலதானேம்மா இருக்கு, ஏணி தரேன், ஏறி எடுத்துக்கோ" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்து வீட்டு டீச்சர் வந்து எனக்காகப் பேசி அனுப்பிவைத்தார். அது எப்படி நம் வீட்டைக் காட்டும்? உனக்குத்தான் இந்தச் சங்கதியெல்லாம் தெரியுமே, சொல்.

துரை விழாக்களில் எடுத்த வீடியோவை வெட்டி ஒட்டிக் கொடுக்கிறான். வேலை இருக்கிறதென்று கதவைச் சாத்திக்கொள்கிறான். சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் அவனுக்கும் என்னைப் போலக் காது கேட்பதில்லை.

உன் அக்கா


பிப்ரவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே இருவரும் சௌக்கியம், என் முதுகுதான் என்னோடு ஒத்துழைக்க மறுக்கிறது. காதை நல்ல மருத்துவரிடம் காட்டு, கிண்டல் பண்ணியே நாளைக் கடத்தாதே.

எழுதாததற்குக் காரணம் சோம்பல் இல்லை. இணையத்தில் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண் வேண்டும், தபால் முகவரி மாதிரி. அந்த எண்கள் உலகத்திலேயே தீர்ந்துபோய்விட்டன. புதிதாகச் சேர்ந்த வீடுகளுக்காக ஒரு வெளிநாட்டு நிறுவனத்திடம் கொஞ்சம் எண்களைக் குத்தகைக்கு எடுத்தேன். எந்த எண் எந்த இடத்தில் இருக்கிறது என்று பட்டியல் போட்டு விற்கும் கம்பெனிகள் சில இருக்கின்றன. வங்கி, கடை, பரீட்சைத் துறை, எல்லாரும் அதைப் பார்த்துத்தான் நடக்கிறார்கள். அந்தப் பட்டியலில் என் எண்கள் இன்னும் பழைய நாட்டிலேயே இருந்தன.

பிறகு என்ன, ஒவ்வொருவராக என் கழுத்தைப் பிடித்தார்கள். ஒருவருக்கு வங்கிக் கணக்கு முடங்கிவிட்டது. ஒரு பெண்ணுக்குப் பரீட்சை விண்ணப்பம் திறக்கவில்லை, "உங்கள் நாட்டில் இந்தச் சேவை இல்லை" என்று வருகிறது. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, இவர்கள் கணினியில் பனி கொட்டுகிறது. மருத்துவர்களிடம் நேரம் குறித்துக் கொடுக்கும் அலுவலகம் ஒன்று இருக்கிறது, என் பெரிய வாடிக்கையாளர். அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்றே சொல்லிவிட்டார்கள். ஜனவரியில் அந்தப் பட்டியல் கம்பெனிக்கு விவரம் கொடுத்து ஒருவழியாக எல்லாரையும் நம் நாட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். இப்போதுதான் மூச்சு விடுகிறேன்.

போன் தேடி வந்தவர்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. அந்தப் படங்கள் அப்படித்தான், எதையாவது காட்டும். அவர்கள் எந்த ஊர் என்று சொன்னார்களா?

துரையைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


மார்ச் 30

அன்புத் தம்பிக்கு,

முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, முதலில் அந்த ஓட்டை நாற்காலியைத் தூக்கி எறி. எனக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் சரியில்லை.

அந்த ஜோடி உன் ஊர்க்காரர்கள்தான். ஒரு போனுக்காக அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருக்கிறார்கள், பாவம். அதை ஏன் கேட்டாய்?

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் தன் பேரில் யாரோ பொய்க் கணக்குத் திறந்துவிட்டதாகச் சொல்லி வாசலில் நின்று கத்தினான். அது காதில் விழாமல் நான் உள்ளே இருந்திருக்கிறேன். ஒளிந்துகொண்டேன் என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டுப் போனான்.

மற்றவர் போன வாரம் வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். மகள் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விட்டாளாம். கடைசியாக அவள் மின்னஞ்சலைத் திறந்த இடம் எது என்று யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள், நம் வீடு. "எம்பொண்ணு உள்ளதான் இருக்கா. ஒரே ஒரு தடவ மொகத்தக் காட்டச் சொல்லுங்க, நான் போயிடறேன்" என்கிறார். இல்லை என்று எத்தனை தரம் சொல்வது? கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். வகுப்புக்குப் பெண்கள் வரும்போதெல்லாம் எழுந்து நின்று ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறார், மறுபடியும் உட்காருகிறார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். சாயங்காலம் போகும்போது துரையின் அறை ஜன்னலையே பார்த்துக்கொண்டு போனார்.

தெருவில் வாய் கிளம்பிவிட்டது. அந்த வீட்டுப் பையன் ஏதோ செய்கிறான் என்கிறார்கள். வயசுப் பெண்களை அனுப்ப யோசிக்கிறார்கள், வகுப்பில் பாதி இடம் காலி. துரையைக் கேட்டேன். "எனக்கு எதுவுமே தெரியாதும்மா" என்றான். எனக்கோ, அவன் பள்ளிக்கூடத்தில் படித்தபோது பள்ளிக் கணினிக்குள் புகுந்து நாளைக்கு விடுமுறை என்று எல்லார் வீட்டுக்கும் செய்தி அனுப்பியது ஞாபகம் வந்தது. அன்றைக்கு நாம் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இப்போது சிரிப்பு வரவில்லை.

சீக்கிரம் எழுது.

அக்கா


ஏப்ரல் 5

பெறுநர்: இட விவரப் பட்டியல் பிரிவு
பொருள்: எங்கள் இணைய எண்களுக்கான இடத்தை மாற்றக் கோருதல்

ஐயா அல்லது அம்மையீர்,

தங்கள் நிறுவனம் நாளும் வளர வாழ்த்துகள்.

ஜனவரியில் நான் கொடுத்த விவரப்படி எங்கள் எண்கள் அனைத்தையும் ஒரே வீட்டின் மேல் தாங்கள் பதிந்திருக்கிறீர்கள். அந்த வீட்டில் எங்கள் கருவி எதுவும் இல்லை, வாடிக்கையாளர் எவரும் இல்லை. அந்த ஊரிலேயே எங்கள் கம்பி ஓடவில்லை. தாங்கள் நிரந்தர முகவரி கேட்டீர்கள். எங்கள் அலுவலகத்தை அப்போது கட்டட உரிமையாளர் காலி செய்யச் சொல்லியிருந்தார். ஆகவே நிறுவனத்தை முதன்முதலில் பதிவு செய்த முகவரியான என் தகப்பனார் வீட்டைக் கொடுத்தேன். நாடு சரியாக வந்தால் போதும், ஊர் எதுவானால் என்ன என்று நினைத்தேன். வாசற்படி வரைக்கும் புள்ளி வைப்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

அந்த வீட்டில் என் அக்காவும் அவர் மகனும் இருக்கிறார்கள். என் வாடிக்கையாளர்களில் யார் எந்தத் தவறு செய்தாலும் மக்கள் அவர் கதவைத் தட்டுகிறார்கள். அவருக்குக் காது கேட்காது. இதெல்லாம் அலுவலகக் கடிதத்தில் எழுதுகிற சங்கதி இல்லை என்று தெரியும். புள்ளியை எங்கள் ஊருக்கு மாற்றித் தரும்படி மிகவும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உரிமையாளர்


ஏப்ரல் 19

மதிப்புக்குரிய வாடிக்கையாளருக்கு,

வணக்கம். தங்கள் கோரிக்கை பெறப்பட்டது.

இடம் மாற்றக் கோரும் எண்கள், சரிபார்ப்பு முடியும்வரை எங்கள் முந்தைய பதிவுக்கே, அதாவது முதலில் இருந்த வெளிநாட்டுக்கே, திரும்பும். சரிபார்ப்புக்கு இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம். எங்களிடமிருந்து நகல் எடுத்த பிற பட்டியல்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல.

இதற்கு உடன்பட்டால் "சம்மதம்" என்று பதில் அனுப்பவும். பதில் வராவிட்டால் கோரிக்கை தானாக முடித்துவைக்கப்படும். தங்கள் அக்கறைக்கு நன்றி.

வாடிக்கையாளர் நலப் பிரிவு


மே 2

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று கேட்கிறேன், பதில்தான் வருவதில்லை. என் போன கடிதத்துக்கு நீ இன்னும் எழுதவில்லை. உடம்புக்கு ஏதாவதா? எனக்கு ரத்த அழுத்தம் என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை போலீஸ் வந்தது. யாரோ ஒரு பள்ளிக்கூட ஆசிரியைக்கு வாயில் சொல்ல முடியாத மிரட்டலெல்லாம் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அனுப்பிய இடம் நம் வீடாம். நான் தையல் இயந்திரத்தில் இருந்தேன், ஐந்து பெண்கள் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே துரையின் கணினியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். அவன் தடுக்கவில்லை. "சார், அதுல வேற ஒருத்தர் வீட்டு விசேஷ வீடியோ இருக்கு, பாத்து எடுத்துட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னான். குற்றவாளி இப்படிப் பேசுவானா? இல்லை, கைதேர்ந்தவன் இப்படித்தான் பேசுவானா? எனக்கு எதுவும் விளங்கவில்லை தம்பி.

அன்று சாப்பாட்டுத் தட்டு முன்னால் மறுபடியும் கேட்டேன். "சத்தியமா நான் இல்லம்மா. என்னப் பாரு. நான் இல்ல" என்றான். அவன் முகத்தைப் பார்த்தேன். பெற்றவள் நான், என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த வெட்கத்தை யாரிடம் சொல்வேன்?

இந்த விஷயம் நம் குடும்பத்தில் தெரிந்தவன் நீ ஒருத்தன்தான். அதனால் உன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். இத்தனை பேர் வந்து நம் வீடு நம் வீடு என்கிறார்களே, இதைத் துரை செய்திருப்பானா, மாட்டானா? நீ இல்லை என்று ஒரு வார்த்தை எழுது. நான் ஊரே திரண்டு வந்தாலும் அவனை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அக்கா


மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, பொறுத்துக்கொள். உன் மாத்திரையை நேரம் தவறாமல் போட்டுக்கொள். நாங்கள் நலம். இங்கே வேலை கழுத்து வரைக்கும். மருத்துவர்களுக்கு நேரம் குறிக்கும் அந்த அலுவலகம் ஒப்பந்தத்தை இந்த வாரம்தான் புதுப்பித்தது. அது போயிருந்தால் என்னிடம் வேலை செய்கிறவர்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

நீ கேட்டதற்கு என்ன எழுதுவது? இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு உறுதியாக எதையும் சொல்ல முடியாது அக்கா. அந்தப் புள்ளிகள் சில சமயம் தப்பாகக் காட்டும், சில சமயம் சரியாகவும் இருக்கும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அறைக்குள் என்ன செய்கிறார்கள் என்று யாருக்குத் தெரிகிறது? கொஞ்சம் பொறு. நான் நாலு இடத்தில் விசாரித்துச் சொல்கிறேன்.

துரையிடம் கோபமாகப் பேசாதே.

உன் தம்பி


ஜூன் 6

தம்பிக்கு,

இருக்கிறேன். உன் கடிதம் கிடைத்தது. நேராகச் சொன்னால் எனக்குத் தாங்காது என்று நீ சுற்றி வளைத்து எழுதியிருப்பது புரிந்தது. சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தான், என் மனசு நோகப் பேசமாட்டாய்.

கணினியைப் போலீஸ் திருப்பிக் கொடுத்துவிட்டது. எதுவும் கிடைக்கவில்லையாம். அழித்திருப்பான் என்கிறார் அவர்களில் ஒருவர். வகுப்பை நிறுத்திவிட்டேன், இயந்திரங்களுக்கு உறை போட்டு மூடியாயிற்று. அவனும் நானும் பேசிக்கொள்வதில்லை.

அவனை உன்னிடம் அனுப்புகிறேன். உன் கண் முன்னாலேயே வைத்துக்கொண்டு வேலை கொடு. கெட்ட சகவாசம் ஏதாவது இருந்தால் அறுந்துபோகட்டும். தகப்பன் இல்லாத பிள்ளை, மாமன் நீதான் திருத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுகிறான். அவனுக்கு வெந்நீரில் குளித்தால்தான் ஒத்துக்கொள்ளும்.

அக்கா


ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா என்று கேட்கக்கூட எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் கேட்கிறேன், உடம்பு எப்படி இருக்கிறது? ஜூலையில் நீ எழுதிய இரண்டு கடிதங்களும் மேஜை மேலேயே இருக்கின்றன. பிரித்துப் படித்தேன், பதில் எழுத உட்கார்ந்தேன், எழுந்துவிட்டேன். இப்போது எழுதாவிட்டால் எப்போதுமே எழுத மாட்டேன்.

துரை எதுவும் செய்யவில்லை. அந்தப் புள்ளியை உன் வீட்டின் மேல் வைத்தவன் நான்.

ஜனவரியில் என் எண்களை நம் நாட்டுக்குக் கூட்டி வந்தேன் என்று பெருமையாக எழுதினேனே, அப்போது கொடுத்த முகவரி அப்பாவின் வீடு. அதனால் இந்த ஊரில் என் இணைப்பில் யார் போன் திருடி வைத்திருந்தாலும், யாரை மிரட்டினாலும், பட்டியல் உன் வாசலைக் காட்டியது. போலீஸ் முறைப்படி கேட்டிருந்தால் என்னிடம்தான் வந்திருப்பார்கள். யாரோ அவசரக்காரர் பட்டியலைப் பார்த்துவிட்டு உன்னிடம் வந்துவிட்டார். அந்த ஜோடி எந்த ஊர் என்று கேட்டேனே, அப்போதே எனக்குச் சந்தேகம். டிரைவர் வந்ததை எழுதினாயே, அப்போது உறுதியாகத் தெரிந்துவிட்டது. மாற்றச் சொல்லிக் கேட்டேன். மாற்றினால் இரண்டு மூன்று மாதம் எல்லாரும் மறுபடியும் வெளிநாட்டுக்குப் போய்விடுவார்கள் என்றார்கள். அந்தப் பெரிய ஒப்பந்தம் கையெழுத்தாகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சும்மா இருந்துவிட்டேன்.

இங்கே துரை எப்படி இருந்தான் தெரியுமா? புகார் போனில் உட்கார்த்தினேன். கத்துகிறவர்கள்கூட இரண்டாம் நாள், "அந்தத் தம்பிகிட்ட குடுங்க" என்று கேட்டார்கள். நான் அவனைத் திருத்துகிறேனாம்! அவன் எதிரே உட்கார்ந்து சாப்பிட எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன மாதக் கடைசியில் ஒரு வாடிக்கையாளர், இணையக் கடையின் பக்கத்தில் வேறு ஊர் காட்டுகிறது என்று சொல்லியிருக்கிறார். துரை எந்த ஊர் என்று தேடிப் பார்த்திருக்கிறான். தன் தெருவே வந்து நின்றிருக்கிறது. என் அறைக்கு வந்தான்.

"மாமா, இந்த எடத்த யாரு குடுத்தது?"

"நான்தான்பா."

"அம்மா உங்ககிட்ட கேட்டாங்களா? நான்தான் பண்றேனான்னு?"

"கேட்டாங்க."

"நீங்க என்ன எழுதினீங்க?"

அவன் நின்றுகொண்டே இருந்தான். வெளியே போன் அடித்தது. போய் எடுத்து, "வணக்கம், சொல்லுங்க" என்றான், எப்போதும் பேசுகிற அதே குரலில். வேலை நேரம் முடியும்வரை இருந்தான். மறுநாள் வரவில்லை. எங்கள் லைன்மேன் வீட்டு மாடியில் இருக்கிறான்.

புள்ளியை மாற்றச் சொல்லி மறுபடியும் எழுதி, "சம்மதம்" என்று இன்றைக்கு அனுப்பிவிட்டேன். போகிறவர்கள் போகட்டும். அந்தக் காவல் நிலையத்துக்கும் எழுதிவிட்டேன், அந்த எண்கள் என்னுடையவை, கேட்க வேண்டியதை என்னிடம் கேளுங்கள் என்று. டிரைவரின் மகள் இந்த ஊரில் எங்கேயோ இருக்கிறாள் என்பதற்கு மேல் நான் எதுவும் சொல்லக் கூடாது, அது அவள் சொல்ல வேண்டியது. ஆனால் அந்த மனிதர் உன் கேட்டில் உட்கார்ந்த பாவமும் என்னுடையதுதான்.

திட்டு அக்கா. என்ன வேண்டுமானாலும் திட்டு.

தம்பி


ஆகஸ்ட் 17

தம்பிக்கு,

இந்தத் தடவை நலம் விசாரிக்கவில்லை. மனசு வரவில்லை.

முகவரி கொடுத்ததற்கு நான் உன்னைத் திட்டவில்லை. அப்பா வீடு உனக்கும் வீடுதான். தெரியாமல் கொடுத்தாய், சரி. ஊரார் வந்து கதவை உடைத்ததும் சரி, போலீஸ் வந்ததும் சரி, எல்லாவற்றையும் ஒரே மடக்கில் விழுங்கிவிடுவேன். ஆனால் மே மாதம் நான் ஒரு கேள்வி கேட்டேனே! ஒரு வார்த்தை கேட்டேன். கூடப் பிறந்தவன் நீ, கையில் பதிலை வைத்துக்கொண்டு, "யாருக்குத் தெரிகிறது" என்று எழுதினாயேடா! அதை எழுதும்போது உன் கை எப்படி ஓடியது?

உனக்கு நான் எழுதாத ஒன்று இருக்கிறது. அந்தக் கடிதம் வந்த வாரம் டிரைவர் மறுபடியும் வந்தார். நீயே சந்தேகப்படுகிறாய் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரம். "உள்ள வாங்க, என் பையன் ரூமையே பாத்துக்கங்க" என்றேன். நானே சொன்னேன். துரை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, வேணாம்மா. நான் சொல்றேன்ல" என்றான். நான் கையை உதறிவிட்டேன். அப்புறம் அவனே போய் அலமாரியைத் திறந்துவிட்டான். அந்த ஆள் மடித்து வைத்த பனியனைக்கூட உதறிப் பார்த்தார். பார்த்து முடித்துவிட்டு அந்த ஆளே அழுதார். துரை அழவில்லை. கீழே விழுந்ததையெல்லாம் எடுத்து மறுபடியும் மடித்து வைத்தான்.

உன்னை மட்டும் குற்றம் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன், முடியவில்லை. நீ எழுதினாய், நம்பியது யார்?

அவனுக்கும் இன்றைக்கே எழுதுகிறேன். நீ அவனுக்கு என்ன வேண்டும் என்று பார்த்துச் செய். என்னிடம் பேச இன்னும் நாள் ஆகும்.

அக்கா


செப்டம்பர் 20

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ சுகமாக இருக்கிறாயா? மாத்திரை தீர்ந்தால் பக்கத்து வீட்டு டீச்சரிடம் சொல், வாங்கிக் கொடுப்பார். நான் இப்போது ஏழு மணிக்கே எழுந்துவிடுகிறேன், துரை என்ற பேரை நீ வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம். இங்கேயே இன்னொரு இணைய நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. லைன்மேன் அண்ணன் வீட்டு மாடியிலேயே தங்கிக்கொள்கிறேன்.

புள்ளியை எடுத்துவிட்டார்கள். தினமும் நானே பார்க்கிறேன். முதலில் எல்லாரும் வெளிநாட்டுக்குப் போனார்கள், மாமா சொன்ன மாதிரியே அந்தப் பெரிய அலுவலகமும் மாமாவை விட்டுப் போய்விட்டது. சொன்ன கெடுவுக்கு முன்னாலேயே இந்த வாரம் புள்ளி இந்த ஊருக்கு வெளியே இருக்கும் ஏரியின் நடுவில் வந்து நிற்கிறது. இனிமேல் யாருக்காவது கதவைத் தட்ட வேண்டும் என்றால் நீந்திப் போகட்டும். இரண்டு சில்லறைப் பட்டியல்களில் மட்டும் நம் வீடு இன்னும் இருக்கிறது, அவர்களுக்கும் எழுதியிருக்கிறேன். தைரியமாக வகுப்பைத் தொடங்கு.

மாமா மேல் இருக்கும் கோபத்தைக் குறைத்துக்கொள். வாரா வாரம் வந்து கீழே தெருவில் நின்றுவிட்டுப் போகிறார். மேலே வாருங்கள் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறேன்.

உன் கடிதத்துக்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம், அதில் ஒரு வரி. "மாமா எல்லாவற்றையும் எழுதிவிட்டான். உன் மேல் தப்பில்லை என்று தெரிந்துவிட்டது, வீட்டுக்கு வா" என்று எழுதியிருக்கிறாய். நீ ஆசையாகத்தான் எழுதியிருக்கிறாய், தெரிகிறது. ஆனால் அதைத்தானே அம்மா நான் முதல் நாளே சொன்னேன்? போலீஸ் வந்த அன்று சொன்னேன். உன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அப்போதெல்லாம் தெரியாதது, மாமாவின் ஒரு கடிதத்தில் தெரிந்துவிட்டது. முதலில் மாமா எழுதியதால் என்னைச் சந்தேகப்பட்டாய், இப்போது மாமா எழுதியதால் என்னை நம்புகிறாய்.

எனக்கு உன் மேல் கோபம் இல்லை. கோபம் இருந்தால் எப்போதோ பஸ் ஏறி வந்து சண்டை போட்டிருப்பேன். உன் முன்னால் உட்கார்ந்து சாப்பிடும்போது நீ என்னை அன்றைக்குப் பார்த்த மாதிரி பார்ப்பாயோ என்று பயமாக இருக்கிறது. அவ்வளவுதான்.

நாளைக்கு வேறு யாராவது வந்து உன் பையன் இப்படிச் செய்தான் என்று சொன்னால், நீ மாமாவுக்கு எழுதிக் கேட்காமல் என்னை மட்டும் கேட்பாயா? யோசித்து எழுது. அவசரம் இல்லை, ஆறுதலுக்காகவும் எழுத வேண்டாம். உண்மையான பதில் வந்த பிறகு பஸ் ஏறுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மகன்